கியர் மாறும்போது ‘டங்’: பிக்கப் வண்டியில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

நியூட்ரலிலிருந்து டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ லீவரை நகர்த்தியதும் வண்டிக்கு அடியில் ‘டங்’ என்று ஓர் அடி விழுகிறது. மேனுவல் வண்டி என்றால் கிளட்சை விடும் கணத்தில் அதே சத்தம். கேட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் உடனே சொல்வது, “கியர்பாக்ஸ் போச்சு.” கியர் மாறும்போது கேட்பதால் பழி நேராகக் கியர்பாக்ஸின் தலையில் விழுகிறது. அதை இறக்கிப் பிரித்து, பெரிய செலவு செய்து மாட்டிய பிறகும் சத்தம் அப்படியே இருப்பது இந்த அவசரத் தீர்ப்பால்தான்.

பெரும்பாலான வண்டிகளில் சத்தம் பிறக்கும் இடம் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முதலில் தேவை பொறுமை. ஒரு டார்ச்சும் இரண்டு கைகளும் இருந்தால் மீதியைத் தொடங்கிவிடலாம்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது

நின்றுகொண்டிருக்கும் சரக்கு ரயிலை எஞ்சின் இழுக்கத் தொடங்கும்போது கவனித்திருப்பீர்கள். முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது என்று ‘டங் டங் டங்’ சத்தம் வரிசையாகக் கடைசிப் பெட்டிவரை ஓடும். பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளுக்கு இடையே சிறு தளர்வு இருக்கிறது. இழுவை வந்ததும் ஒவ்வொரு தளர்வும் மூடிக்கொண்டு இரும்பும் இரும்பும் மோதுகின்றன. பிரேக் போட்டால் அதே தளர்வு எதிர்ப்பக்கமாக மூடிக்கொள்ளும், மறுபடியும் சத்தம். எந்தக் கொக்கியும் உடைந்திருக்க வேண்டியதில்லை.

பிக்கப்பிலும் நடப்பது இதுதான். முன்னால் எஞ்சின், அதன் பின்னால் கியர்பாக்ஸ். அங்கிருந்து வண்டியின் அடியில் நீளமாகப் பின்பக்கம் போகும் இரும்புக் குழாய்தான் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். அது பின் அச்சின் நடுவே உள்ள உருண்டைக் கூட்டுக்குள், அதாவது டிஃப்ரென்ஷியலுக்குள் போய்ச் சேருகிறது. சுழற்சியைத் திசை திருப்பி இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃப்ரென்ஷியலின் வேலை. இந்த வரிசையில் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு பாகம் நகர்ந்து அடுத்ததைத் தொடும்வரை சிறு வெற்றிடம் இருக்கும். மெக்கானிக்குகள் இதைப் ‘பிளே’ என்பார்கள். பற்சக்கரங்களுக்கு நடுவே எண்ணெய்ப் படலம் தங்கவும், சூடாகி விரியும்போது இறுகாமல் இருக்கவும் கொஞ்சம் பிளே தேவை. பிளே அறவே இல்லாத வண்டி கிடையாது.

பிளே மட்டும் சத்தம் போடாது. ஷாஃப்டைத் திருப்பும் முறுக்கு விசை, அதாவது டார்க், திடீரென வரும்போதோ திசை மாறும்போதோதான் அந்த வெற்றிடம் சட்டென்று மூடிக்கொண்டு அடிக்கிறது. டிரைவிலிருந்து ரிவர்ஸுக்குப் போவது முழுமையான திசை மாற்றம். ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிப்பதும் அப்படித்தான்: விட்டபோது சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது, மிதித்தபோது எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது.

முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மட்டும் சத்தம் ஏன் பெரிதாகக் கேட்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். டிஃப்ரென்ஷியலின் விகிதம் 4:1 என்று வைத்துக்கொள்வோம். சக்கரப் பக்கம் 1 டிகிரி பிளே இருந்தால் ப்ரொபெல்லர் ஷாஃப்டில் அது 4 டிகிரி. முதல் கியரின் விகிதமும் 4:1 என்றால் எஞ்சின் பக்கம் 16 டிகிரி. அந்த 16 டிகிரியும் எஞ்சின் எந்தச் சுமையும் இல்லாமல் வேகமெடுத்து வந்து மோதுகிறது. 1:1 விகிதமுள்ள மேல் கியரில் அதே பிளே எஞ்சின் பக்கம் 4 டிகிரிதான். அதனால்தான் மேல் கியர்களில் சத்தம் அடங்கிவிடுகிறது.

இதுவரை பார்த்தது: சத்தத்துக்குப் பிளே வேண்டும், அதோடு டார்க்கில் திடீர் மாற்றமும் வேண்டும். எனவே நாம் தேடுவது, எந்த இணைப்பில் பிளே அளவுக்கு மீறியிருக்கிறது, அல்லது எதனால் டார்க் தேவையில்லாத வேகத்தில் வந்து விழுகிறது என்பதை.

எப்போது கேட்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

வண்டிக்கு அடியில் போவதற்கு முன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே பாதி நோயை அறியலாம். இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் தேவையில்லாத பாகங்களை மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

வண்டி நின்ற நிலையில், பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரல்–டிரைவ்–ரிவர்ஸ் என்று மாற்றும்போது ஒவ்வொரு முறையும் அடித்தால் கிராஸ் (ப்ரொபெல்லர் ஷாஃப்டின் முனையிலுள்ள இணைப்பு), எஞ்சின் மவுன்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்), டிஃப்ரென்ஷியல், அதிகமான ஐடில் வேகம் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனையில் சத்தமே இல்லாமல், ஓடிவந்து நிற்கும் தருவாயிலோ நின்று புறப்பட்ட மறுகணமோ மட்டும் அடித்தால் ஸ்லிப் யோக்கை, அதாவது ஷாஃப்டின் உள்ளும் வெளியும் வழுக்கும் முனையைப் பாருங்கள். சுமை ஏற்றிப் புறப்படும்போது அதிர்வோடு சேர்ந்து வந்தால் சென்டர் பேரிங் (ஷாஃப்டை நடுவில் தாங்குவது) அல்லது பட்டை ஸ்பிரிங் (பின் அச்சின்மேல் வண்டியைத் தாங்கும் இரும்புப் பட்டைகள்). லீவரை டிரைவில் போட்டு ஒன்றிரண்டு விநாடி எதுவும் நடக்காமல், பிறகு ‘தடால்’ என்று பிடித்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் குறைந்திருக்கலாம். சரிவில் நிறுத்திய ஆட்டோமேட்டிக் வண்டியின் லீவரைப் ‘பார்க்’ (P) நிலையிலிருந்து எடுக்கும்போது மட்டும் அடித்தால் அது பழுதே இல்லை. காரணம் அடுத்த பகுதியில்.

ஒரு போலியையும் இங்கேயே விலக்கிவிடலாம். ரிவர்ஸ் எடுத்து, பிறகு முன்னோக்கிப் போய் முதல் பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரே ஒரு ‘டக்’ வந்தால், அது பிரேக் பேடோ ஷூவோ தன் இருக்கையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகரும் சத்தம். அடியில் தளர்ந்து தொங்கும் ஸ்டெப்னியும், சேசிஸில் இடிக்கும் சைலென்ஸர் குழாயும் இதேபோல் ஏமாற்றும்.

கியர் போடும்போது ‘கர்ர்ர்’ என்று அரைப்பது இந்தக் கட்டுரை பேசும் சத்தம் அல்ல. அது கிளட்ச் முழுதாக விடுபடாததையோ கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோ வளையத்தின் தேய்மானத்தையோ காட்டுகிறது.

செலவில்லாமல் சரியாகக்கூடியவை

ஐடில் என்பது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம். எஞ்சின் சூடான பிறகு பெரும்பாலான வண்டிகளில் இது நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்று. 1,000-ஐத் தாண்டி நிற்கிறது என்றால், லீவரைப் போட்டதுமே அதிக டார்க் ஷாஃப்டில் வந்து விழுகிறது. நல்ல நிலையிலுள்ள வண்டிகூட ‘டங்’ என்று அடிக்கும். எஞ்சினுக்குள் எங்காவது காற்று கசிகிறதா, எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி அழுக்கடைந்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடில் உயர்வது இயல்பு. சில விநாடி பொறுத்து, சுற்று இறங்கிய பிறகு கியர் போட்டாலே சத்தம் குறையும்.

அடுத்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய். டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) உள்ள வண்டியில் எண்ணெய் சூடாக, வண்டி சமதளத்தில், எஞ்சின் ஓடும் நிலையில் பார்ப்பதே வழக்கம். எந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று வண்டியின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். கரும்பழுப்பாகிக் கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்கின்றன. அளவு குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நிறுத்தாமல் கசிவையும் தேடுங்கள். மூடிய அமைப்பில் எண்ணெய் தானாகக் குறையாது. அண்மையில் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், பல வண்டிகளில் கியர்பாக்ஸின் கணினி தான் பழகி வைத்திருந்த அளவுகளை மறந்துவிடும். மீண்டும் பழகும்வரை கியர் முரட்டுத்தனமாக விழும்.

சரிவில் நிறுத்தும் கதை இது. பார்க் நிலையில் கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறு இரும்புக் கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து பூட்டுகிறது. ஹேண்ட் பிரேக் போடாமல் பார்க்கில் விட்டால் வண்டியின் முழு எடையும் அந்தக் கொக்கியில் தொங்கும். லீவரை எடுக்கும்போது அது பிடுங்கிக்கொண்டு வெளியேறும் சத்தமே ‘டங்’. கால் பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கை மெதுவாக விட்டு எடை ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகே பார்க்குக்குப் போங்கள். அடுத்த முறை எடுக்கும்போது சத்தம் இருக்காது.

வண்டிக்கு அடியில்: கையால் பிடித்துப் பார்ப்பது

சமதளம், சக்கரங்களின் இருபக்கமும் முட்டுக்கட்டை, எஞ்சின் அணைந்து சாவி உங்கள் பையில். வண்டியைத் தூக்கினால் எடை தாங்கும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிரைப் பணயம் வைப்பது. நியூட்ரலுக்கு மாற்றும் முன் முட்டுக்கட்டைகளை இன்னொரு முறை தட்டிப் பாருங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் விடுபட்டால் வண்டி உருளத் தடையே இல்லை.

ப்ரொபெல்லர் ஷாஃப்டின் முனைகளில் கூட்டல் குறி வடிவில் ஓர் இரும்புத் துண்டு இருக்கும். அதுதான் கிராஸ். பின் அச்சு மேலும் கீழும் ஆடும்போது கோணம் மாறினாலும் சுழற்சி தடைபடாமல் இருக்க இது உதவுகிறது. அதன் நான்கு கைகளிலும் நான்கு மூடிகள். ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கின்றன. கிரீஸ் வற்றினால் இந்த ஊசிகள் துருப்பிடித்துப் பொடியாகின்றன.

ஷாஃப்டை ஒரு கையாலும் கிராஸுக்கு அந்தப் பக்கம் உள்ள யோக்கை, அதாவது கிராஸைப் பிடித்திருக்கும் இரண்டு காதுள்ள பாகத்தை, மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். கண் கிராஸின் மூடிமேல் இருக்கட்டும். ஒரு பக்கம் நகர்ந்த பிறகு தாமதித்து மறுபக்கம் நகர்ந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. பிறகு மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். நல்ல கிராஸில் கைக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது. ‘கொஞ்சம்தான் இருக்கிறது’ என்பதற்கு இங்கே இடமில்லை. மூடியின் ஓரத்தில் செம்பழுப்புத் துருப்பொடி படிந்திருந்தால், ஆட்டம் தெரியாவிட்டாலும் அதன் காலம் முடிந்தது. குறைந்த வேகத்தில் ‘கீச் கீச்’ என்று சக்கரச் சுற்றோடு சேர்ந்து வரும் சத்தமும் இதன் முன்னறிவிப்பு.

நீளமான வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ரப்பரில் உட்கார்ந்து அதைத் தாங்குவது சென்டர் பேரிங். அதன் ரப்பர் கிழிந்திருந்தால் ஷாஃப்ட் கையில் தாராளமாக மேலும் கீழும் ஆடும்.

கடைசியாக டிஃப்ரென்ஷியல் வாயில். எல்லாக் கிராஸும் சரியாக இருந்து, ஷாஃப்டைத் திருப்பும்போது பின்முனையில் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடுகிறதா? இங்கே சிறிதளவு ஆட்டம் இயல்பு. பல பேர் பயந்துபோவது இங்கேதான். உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரம் பினியன், அது திருப்பும் பெரிய வட்டம் கிரவுன். இவை இரண்டுக்கும் நடுவே மட்டும் பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் பிளே வைத்தே பொருத்துகிறார்கள். உள்ளிருக்கும் மற்றப் பற்களின் இடைவெளியும் அதோடு சேர்ந்து, விகிதத்தால் பெருகி, ஷாஃப்டில் கைக்குத் தெரியும் ஆட்டமாக வருகிறது. திருப்பும் ஆட்டத்தைப் பற்றியே இவ்வளவும். பினியன் முனை மேலும் கீழுமோ உள்ளும் வெளியுமோ அசைந்தால் அது பேரிங் பழுது. அதில் இயல்பு என்று எதுவும் இல்லை.

சுருக்கமாக: கிராஸில் ஆட்டம் இருக்கவே கூடாது, டிஃப்ரென்ஷியலில் திருப்பும் ஆட்டம் கொஞ்சம் இருக்கும், பினியன் மேல்கீழாக அசையக் கூடாது.

மவுன்டிங்கும் பட்டை ஸ்பிரிங்கும்

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேசிஸில் நேரடியாக உட்காராமல் ரப்பர் தாங்கிகளில் உட்காருகின்றன. இவைதான் மவுன்டிங். ரப்பர் கிழிந்தால் கியர் போடும்போது எஞ்சின் ஒரு பக்கம் எழும்பி இரும்பில் விழும். சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை முழுதாக அழுத்திக்கொண்டு டிரைவ், ரிவர்ஸ் என்று மாற்ற, மற்றவர் பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. எஞ்சின் லேசாகச் சாய்வது சரி. ஓர் அங்குல அளவுக்கு எழும்பினால் மவுன்டிங்கை மாற்ற வேண்டும். மாற்றும்போது ஆயில் சம்புக்கும் ஜாக்கிக்கும் நடுவே அகலமான மரப்பலகை வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்க மவுன்டிங்கை மட்டும் கழற்றுங்கள். கியர்பாக்ஸ் மவுன்டிங்கைப் பலர் பார்ப்பதே இல்லை. எண்ணெய் ஊறி உப்பிப்போவது பெரும்பாலும் அதுதான்.

பட்டை ஸ்பிரிங்கைப் பின் அச்சோடு கட்டிப்பிடிப்பவை யூ-போல்ட்டுகள். அவை தளர்ந்தால் டார்க் வரும்போதெல்லாம் அச்சு ஸ்பிரிங்மேல் புரண்டு அடிக்கும். அச்சு உட்காரும் இடத்தருகே பளபளப்பான உராய்வுத் தடமோ துருக் கோடோ தெரிந்தால் அங்கே அசைவு இருக்கிறது. பழைய யூ-போல்ட்டுகள் நீண்டிருக்கும், மறுபடி இறுக்கிப் பயனில்லை. புதியது போட்டு, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரிபார்ப்பது கட்டாயம். ஸ்பிரிங் கண்களிலும் (முனை வளையங்கள்) அவற்றைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளிலும் உள்ள புஷ்களைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்லிப் யோக்: கிரீஸில் முடியும் வேலை

பின் அச்சு ஆடும்போது கியர்பாக்ஸுக்கும் டிஃப்ரென்ஷியலுக்கும் உள்ள தூரம் சற்றே மாறுகிறது. அதை ஈடுகட்ட, ஷாஃப்டின் ஒரு முனை வரிப்பள்ளங்களில் உள்ளும் வெளியும் வழுக்கும். இந்த முனைதான் ஸ்லிப் யோக். பிரேக் பிடித்து நிற்கும்போது பள்ளங்கள் காய்ந்திருந்தால் வழுக்காமல் பிடித்துக்கொண்டு, விசை சேர்ந்ததும் சட்டென்று விடுபடும். அதுதான் நின்று புறப்படும்போது வரும் ‘டங்’.

ஷாஃப்டை இறக்கி, யோக்கை உருவி, பள்ளங்களைத் துடைத்து, மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் பல வண்டிகளில் சத்தம் நின்றுவிடும். உருவும்போது கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுகலாம், தட்டு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எவ்வளவு போனதோ அதைத் திரும்ப ஊற்றுங்கள். கிரீஸை உள்ளே அடைத்துத் திணிக்காதீர்கள். வெளியேற வழியில்லாத கிரீஸ் யோக் உள்ளே போவதையே தடுக்கும். ஷாஃப்டின் நடுவில் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சிறு வாய்) உள்ள வகை என்றால் கிரீஸ் கன் போதும். பள்ளங்கள் படிபோல் தேய்ந்திருந்தால் கிரீஸ் சில வாரங்களுக்குத்தான். யோக்கை மாற்ற வேண்டியிருக்கும்.

கிராஸ் மாற்றுவது

இந்தச் சத்தத்துக்காகச் செய்யும் வேலைகளில் அடிக்கடி வருவது இதுதான். அடிக்கடி கெடுக்கப்படுவதும் இதுதான்.

ஒரு போல்ட்டைத் தொடும் முன் பெயின்டால் குறியிடுங்கள்: ஷாஃப்டுக்கும் டிஃப்ரென்ஷியல் யோக்குக்கும் சேர்த்து ஒரு கோடு, ஸ்லிப் யோக்குக்கும் ஷாஃப்டுக்கும் ஒரு கோடு. இந்தக் கோடுகள் நேராகச் சேராமல் மாட்டினால் ‘டங்’ போய் அதிர்வு வந்து சேரும். போல்ட்டுகளைக் கழற்றியதும் மூடிகள் விழாமல் டேப் சுற்றுங்கள். ஷாஃப்டைப் பாதியில் தொங்கவிடாதீர்கள். அதன் எடை மறுமுனைக் கிராஸைக் கெடுக்கும்.

மூடிகளைப் பிடித்திருக்கும் வளையங்களை, அதாவது சர்க்லிப்புகளை, எடுங்கள். வளையமே தெரியவில்லை என்றால், சில வண்டிகளில் தொழிற்சாலையில் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்திப் பூட்டியிருப்பார்கள். அதைச் சூடேற்றி இளக்கினால்தான் மூடி நகரும். வைஸில் ஒரு பக்கம் மூடியைவிடச் சிறிய சாக்கெட், மறுபக்கம் மூடி உள்ளே விழும் அளவுக்குப் பெரிய சாக்கெட் வைத்து இறுக்கினால் மூடி வெளியே வரும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் யோக்கின் காதுகள் வளைந்துவிடும், பிறகு எந்தக் கிராஸும் நிலைக்காது.

துளைகளைத் துடைத்து, விரலை உள்ளே விட்டுப் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புதிய மூடிகளுக்குள் ஊசிகள் எல்லாம் கிரீஸில் ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள். மூடியை அழுத்தும்போது கிராஸின் கையை அதற்குள்ளேயே வைத்திருந்தால் ஊசிகள் சரியாது. சர்க்லிப் பள்ளத்தில் உட்கார மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏறத்தாழ எப்போதும் ஓர் ஊசி சாய்ந்து மூடியின் அடியில் கிடக்கும். பலம் கொடுத்து அழுத்தினால் அது நொறுங்கி, புதிய கிராஸ் சில நாட்களில் பழைய சத்தத்தைப் போடத் தொடங்கும். பிரித்து, ஊசியை நிமிர்த்தி, மறுபடி ஏற்றுங்கள்.

நான்கு சர்க்லிப்பும் உட்கார்ந்த பிறகு கிராஸைக் கையால் எல்லாப் பக்கமும் அசையுங்கள். சீரான லேசான இறுக்கத்தோடு நகர வேண்டும். ஓரிடத்தில் மாட்டினால் யோக்கின் காதில் செம்புச் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு; மூடி சர்க்லிப்போடு ஒட்டி உட்கார்ந்து இளகும். நிப்பிள் உள்ள வகையில் நான்கு மூடிகளின் ஓரத்திலும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை பம்ப் செய்யுங்கள். கிராஸுக்கு எண் 2 தரத்து லித்தியம் இ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸ் பொதுவாகப் பொருந்தும். கோடுகளைச் சேர்த்து மாட்டி, புதிய போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

டிஃப்ரென்ஷியலில் செய்யக் கூடாத ஒன்று

டிஃப்ரென்ஷியலில் ஆட்டம் இருக்கிறது என்றதும் பினியன் நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நட்டு கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான பிளேயைத் தீர்மானிப்பதில்லை. பல வண்டிகளில் அது உள்ளே நசுங்கும் ஒரு குழாய் வழியாக பேரிங்கின் முன் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. கூடுதலாக இறுக்கினால் குழாய் மேலும் நசுங்கி, பேரிங் சூடாகிக் கருகும். தளர்த்தினாலும் பழைய நிலை திரும்பாது. பிளேயைச் சரிசெய்வது ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு), டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துச் செய்யும் வேலை. அதை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எண்ணெயைப் பார்ப்பது. வடிக்கும் போல்ட்டுக்கு முன் ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். அது இறுகித் திறக்காமல் போனால் வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பைத் தொட வேண்டும். வடிக்கும் போல்ட்டிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் இரும்புப்பொடி இருப்பது தேய்மானத்தின் இயல்பு. நகத்தில் தட்டுப்படும் துண்டு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது, வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில்

முன் அச்சையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள வண்டிகளில் ஒரு கூடுதல் காரணம் உண்டு. நடுவில் வேக வித்தியாசத்தை ஏற்கும் அமைப்பு இல்லாத வகையில் 4H (நான்கு சக்கர இயக்கம்) போட்டுக் காய்ந்த தார்ச் சாலையில் திருப்பினால், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் ஓட முயன்று ஷாஃப்டுகளில் முறுக்கு சேர்ந்துகொண்டே போகும். 2H-க்கு (இரண்டு சக்கர இயக்கம்) மாற்றும்போது அது ‘படார்’ என்று விடுபடும். சேறு, மணல் போன்ற தளர்வான தரையில் மட்டும் 4H பயன்படுத்துங்கள். மற்றபடி முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ்களுக்கும் மேலே சொன்ன அதே கைச் சோதனைதான்.

எப்போது ஓட்டாமல் நிறுத்த வேண்டும்

மாதக்கணக்கில் மாறாமல் லேசாக இருக்கும் ‘டக்’ அவசரமில்லை. ஒரு வாரத்தில் பெரிதான சத்தம், வேகம் கூடக் கூடத் தரையில் உணரும் அதிர்வு, கிராஸில் கையால் ஆட்டினாலே கேட்கும் ‘கட கட’ ஆகியவற்றோடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். கிராஸ் உடைந்தால் ஷாஃப்டின் முன்முனை தரையில் இறங்கிக் குத்தலாம், பின்முனை விடுபட்டால் பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் அடித்துக் கிழிக்கலாம்.

வேலை முடிந்த வண்டியை முதலில் நின்ற நிலையில் டிரைவ்–ரிவர்ஸ் மாற்றிக் கேளுங்கள், பிறகு மெதுவாக நின்று நின்று புறப்பட்டுப் பாருங்கள், கடைசியில் வேகத்தில் அதிர்வைக் கவனியுங்கள். சத்தம் பாதியாகக் குறைந்து மீதி இருந்தால் முதல் வேலை வீணாகவில்லை, வரிசையில் இரண்டாவது இணைப்பும் தேய்ந்திருக்கிறது. பழைய வண்டிகளில் இது சாதாரணம். அடுத்த இணைப்பைக் கையால் பிடித்துப் பாருங்கள். கிராஸ், ஸ்லிப் யோக், மவுன்டிங், ஸ்பிரிங், டிஃப்ரென்ஷியல் எல்லாம் சரியென்று தெரிந்து, எண்ணெயும் சரியான அளவில் இருந்து, அப்போதும் கியர் ‘தடால்’ என்று விழுந்தால்தான் கியர்பாக்ஸைத் திறப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் இறக்குவதற்கு முன் ஸ்கேனரை மாட்டிக் குறியீடுகளையும் எண்ணெய் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரத்தால் இயங்கும் ஒரு சோலனாய்டோ எண்ணெய் வழியைத் திறந்து மூடும் வால்வோ மட்டும் பழுதாகியிருந்தால், பெட்டியை இறக்காமலேயே அடித்தட்டைக் கழற்றி மாற்றிவிடலாம்.